மாப்பிள்ளை தரும் சேனலும் முழங்கால் எண்ணெயும்

கேள்வி: அஞ்சல் துறையில் 36 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு கிராமம். என் அக்கா மகன் எங்கள் சுற்றுவட்டாரத்தில் 800 வீடுகளுக்குக் கேபிள் கொடுக்கிறான். "மாமா, ஒரு சேனல் சும்மாதான் கிடக்கிறது, எடுத்து நடத்துங்கள்" என்கிறான். ஓய்வூதியர்கள் ஐந்து பேர் சேர்ந்து, வயதானவர்களுக்கென்றே ஓர் உள்ளூர் சேனல் நடத்த ஆசைப்படுகிறோம். காலையில் கோயில் பூஜை, பிறகு மஞ்சள், வெல்லம், வாழைத்தார் விலை, ஓய்வூதியத் தகவல், மதியம் பழைய பாட்டு, மாலையில் துக்கச் செய்தி. முழங்கால் வலிக்கு எண்ணெய் விற்கும் ஒருவர் மாதம் 20,000 ரூபாய் தருவதாகச் சொல்லியிருக்கிறார். காலையில் அரை மணி நேரம் அவரே வந்து பேசுவாராம். இதற்கெல்லாம் லைசென்ஸ் வேண்டுமா? யாரிடம் வாங்குவது? கேபிள்காரர்கள் பதிவுக்கு வரும்போது படிவத்தில் முத்திரை குத்தி வாங்கியவனே நான்தான். ஆனால் சேனல் நடத்துவதற்கு என்ன படிவம் என்று எனக்கே தெரியவில்லை. "எதைப் போட்டாலும் எழுத்தைப் பெரிதாகப் போடச் சொல்லுங்கள்" என்று என் துணைவியார் சொல்கிறார். அதையும் எழுதிவிட்டேன்.

— ஓய்வுபெற்ற அஞ்சல் அலுவலர், ஈரோடு மாவட்டம்

பதில்:

ஐயா, வணக்கம்.

லைசென்ஸ் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், அது சுலபம். உங்கள் கடிதத்தில் என்னைத் தடுத்து நிறுத்தியவர் அந்த எண்ணெய்க்காரர்தான். அவரிடம் பிறகு வருகிறேன்.

முதியோர் சேனல் என்று சட்டத்தில் தனி வகை கிடையாது. பார்ப்பவரின் வயதை வைத்து யாரும் உரிமம் கொடுப்பதில்லை. படம் எந்த வழியாக வீட்டுக்குள் வருகிறது என்பதைத்தான் பார்க்கிறார்கள். செயற்கைக்கோள் வழியாக வருகிற சேனலுக்கு ஒரு விதி, கேபிளில் மட்டும் ஓடுகிற சேனலுக்கு வேறு விதி. முதலாவதை மறந்துவிடுங்கள். 2022 நவம்பரில் வந்த மத்திய அரசின் நெறிமுறைகளின்படி, செய்தி போடாத ஒரு சேனலுக்கே நிறுவனத்தின் நிகர மதிப்பு 5 கோடி ரூபாய் இருக்க வேண்டும். செய்தி சேனல் என்றால் 20 கோடி. உங்கள் ஐந்து பேருடைய பணிக்கொடையைக் கூட்டினாலும் பக்கத்தில்கூடப் போக முடியாது.

ஆக, கேபிள்தான். கேபிளுக்கு அடிப்படை 1995ஆம் ஆண்டுச் சட்டமும், அதற்கு ஓராண்டு மூத்த 1994ஆம் ஆண்டு விதிகளும். (1994இல் அவசரச் சட்டமாக வந்தது, அடுத்த ஆண்டு முழுச் சட்டமானது. அதனால்தான் இந்தத் தலைகீழ் வரிசை.) நீங்கள் முத்திரை குத்திய அந்தப் பதிவு, ஆண்டுக்கு ஒருமுறை 500 ரூபாய் கட்டித் தலைமை அஞ்சலகத்தில் செய்ததே, அது இப்போது அஞ்சலகத்தில் இல்லை. 2025 ஜனவரி 17 முதல் தகவல் ஒலிபரப்பு அமைச்சகமே பதிவு அதிகாரி. விண்ணப்பம் 'பிராட்காஸ்ட் சேவா' இணையதளம் வழியாக. கட்டணம் 5,000 ரூபாய், ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். காலம் முடிவதற்குக் குறைந்தது 90 நாள் முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் மாப்பிள்ளையிடம் இருப்பது பழைய அஞ்சலகச் சான்றா, புதிய இணையச் சான்றா, அது எந்தத் தேதி வரை என்று முதலில் பாருங்கள். பதிவு காலாவதியான ஆபரேட்டரின் கம்பியில் எவ்வளவு நல்ல நிகழ்ச்சி ஓடினாலும் அது சட்டத்துக்குப் புறம்பானதுதான்.

இனி, மாப்பிள்ளை மனம் புண்படக்கூடிய ஒரு செய்தி. அந்தச் சேனல் அவருடையது இல்லை.

முப்பது ஆண்டுகளுக்கு முன்பு அவருடையதாக இருந்திருக்கும். அன்றைக்குக் கேபிள்காரர் வீட்டு மாடியில் ஒரு குடை ஆன்டெனா, உள்ளே ஒரு மாடுலேட்டர், பக்கத்தில் ஒரு வீடியோ பிளேயர். கல்யாண கேசட்டைப் போட்டால் ஊரே பார்க்கும். 2011ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு கதை மாறிவிட்டது. கேபிள் முழுவதும் டிஜிட்டல் ஆக வேண்டும், ஒவ்வொரு சேனலும் பூட்டிய வடிவில் வந்து செட்டாப் பாக்ஸில்தான் திறக்க வேண்டும் என்று ஆனது. நம் கிராமங்கள் கடைசிக் கட்டம். அதற்கு வைத்த கெடு 2017 மார்ச் 31. இப்போது சேனல்கள் பூட்டப்படுகிற இடம் எம்.எஸ்.ஓ. என்கிற, பல கேபிள்காரர்களுக்குச் சேனல்களை அனுப்பும் பெரிய நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறை. அரசு கேபிள் ஆனாலும் தனியார் ஆனாலும் இதே நிலைதான். உங்கள் மாப்பிள்ளை அங்கிருந்து வருகிறதை வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறார், வாய்க்காலில் மடை திறந்துவிடுகிற நீர்க்கட்டி மாதிரி. மடை அவர் கையில் இருக்கிறது. தண்ணீர் வருவது அணையிலிருந்து.

ஆகவே உங்கள் சேனலுக்கு எண் ஒதுக்க வேண்டியவர் எம்.எஸ்.ஓ. அப்படி ஓடும் உள்ளூர் சேனலுக்கு அரசாங்கம் வைத்த பெயர் 'பிளாட்ஃபார்ம் சர்வீஸ்'. 2022 நவம்பர் 30 அன்று இதற்கென்றே நெறிமுறைகள் வந்தன. ஒரு சேனலுக்கு ஒருமுறை 1,000 ரூபாய் கட்டி எம்.எஸ்.ஓ. தன் பெயரில் பதிவு செய்ய வேண்டும். திரையில் 'பிளாட்ஃபார்ம் சர்வீஸ்' என்ற அடையாளம் தெரிய வேண்டும். ஒளிபரப்பியது அத்தனையும் 90 நாட்களுக்குப் பதிவாகப் பாதுகாத்து வைத்திருக்க வேண்டும். ஒரு எம்.எஸ்.ஓ. தான் கொண்டுபோகக்கூடிய மொத்த சேனல்களில் 5 சதவீதத்துக்கு மேல் இப்படி வைத்துக்கொள்ளக் கூடாது. உள்ளூர்த் தேவைக்காக மாவட்டத்துக்கு இரண்டு கூடுதலாக அனுமதி உண்டு. அந்த மாவட்ட இடத்தைத்தான் நீங்கள் கேட்டுப் பெற வேண்டும். கேட்கும்போது 'முதியோருக்கானது' என்று சொல்லுங்கள். சட்டத்தில் அதற்கு மதிப்பெண் இல்லை. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கும் வீட்டில் ஓர் ஆத்தா இருப்பார், அதனால் சொல்கிறேன்.

இன்னொரு நிபந்தனை உங்களைக் கொஞ்சம் கடிக்கும். இந்தச் சேனலில் ஓடுவது அந்த எம்.எஸ்.ஓ.வுக்கு மட்டுமே உரியதாக இருக்க வேண்டும். சத்தியமங்கலத்தில் வேறு நிறுவனத்தின் பாக்ஸ் வைத்திருக்கும் உங்கள் சம்பந்தி வீட்டில் அதே நிகழ்ச்சி ஓடக் கூடாது. கோயில் நேரலைக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு. பாரியூர் அம்மன் குண்டம் (தீமிதி) நடக்கும் அன்று, நடக்க முடியாமல் வீட்டில் இருப்பவர்களுக்கு அதை எல்லாப் பெட்டிகளிலும் காட்டலாம். கோயில் செயல் அலுவலரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், பூசாரியின் தலையாட்டல் போதாது.

இப்படியெல்லாம் செய்தால் பதிவு எம்.எஸ்.ஓ. பெயரில், கம்பி மாப்பிள்ளை பெயரில் இருக்கும். உங்களுடையது நிகழ்ச்சி மட்டும். ஆகவே மூன்று தரப்பும் கையெழுத்திட்ட ஓர் ஒப்பந்தம் கட்டாயம் வேண்டும்: விளம்பரத்தை ஏற்கவோ மறுக்கவோ யாருக்கு அதிகாரம், பணம் யார் கணக்கில் விழும், 90 நாள் பதிவு யார் வட்டில் இருக்கும், புகார் வந்தால் யார் பதில் சொல்வது. "நம்ம மாப்பிள்ளைதானே" என்று வாய்வார்த்தையில் தொடங்கிப் பிறகு என் மேசைக்கு வந்த குடும்பங்கள் நிறைய. வழக்கு முடிந்த பிறகும் அவர்கள் ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு ஒருவர் போவதில்லை.

சரி, எண்ணெய்.

மாதம் 20,000 ரூபாய் என்பது உங்களுக்குப் பெரிய பணம். கேமரா வாடகை, எடிட்டிங் செய்யும் பையனின் சம்பளம் எல்லாம் அதில் அடங்கிவிடும். அதனால்தான் அவரை விடுவது கடினம் என்றும் தெரிகிறது. ஆனால் அவர் வாங்குவது அரை மணி நேரத்தை இல்லை ஐயா. உங்கள் முகத்தை வாங்குகிறார். இத்தனை ஆண்டுகள் மணியார்டர் பணத்தைக் கை நடுங்காமல் எண்ணிக் கொடுத்தவர் நடத்துகிற சேனலில் வருகிறது என்றால் உங்கள் ஊரில் யாரும் இரண்டாவது கேள்வி கேட்க மாட்டார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். 1994 விதிகளில் 7ஆம் விதி விளம்பரங்களுக்கானது. ஒரு பொருளுக்கு அதிசய குணம், நிரூபிக்க முடியாத சக்தி இருப்பதாக மக்கள் நினைக்கும்படி விளம்பரம் இருக்கக் கூடாது. விளம்பரமும் நிகழ்ச்சியும் வேறு வேறு என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும். அவரே காசு கொடுத்து, அவரே வந்து உட்கார்ந்து, எதிரே ஒருவர் "சொல்லுங்கள் வைத்தியரே" என்று கேட்க, கீழே போன் நம்பர் ஓடினால், அது அரை மணி நேர விளம்பரம். ஒரு மணி நேரத்தில் விளம்பரம் 12 நிமிடத்தைத் தாண்டக் கூடாது, அதிலும் 2 நிமிடம் சேனலின் சொந்த விளம்பரத்துக்கு. ஆக அவருடைய அரை மணி நேரம் கணக்கிலேயே இடிக்கிறது.

இதைவிடக் கடுமையானது 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திர மருத்துவம் பற்றிய ஆட்சேபகரமான விளம்பரங்கள் சட்டம். அதன் பட்டியலில் உள்ள நோய்களைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதே குற்றம். பட்டியலைப் படித்தால் முதியவர்களை மனதில் வைத்தே எழுதியது போல இருக்கும்: நீரிழிவு, கண்புரை, காது கேளாமை, பக்கவாதம், இரத்த அழுத்தம், புராஸ்டேட் கோளாறு, வாத நோய். முழங்கால் எண்ணெய்க்காரர் முதல் வாரம் "வலி குறையும்" என்பார். மூன்றாம் வாரம் "வாதம் அடியோடு போய்விடும்" என்பார். அந்த மூன்றாம் வாரத்தில் நீங்களும் அவரோடு சேர்ந்து மாட்டுவீர்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும், தவறான விளம்பரத்தை வெளியிட்டவருக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் இருக்கிறது.

சொந்த அனுபவம் ஒன்று. என் அமுச்சி, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி, பதினைந்து ஆண்டுகள் சர்க்கரை மாத்திரை சாப்பிட்டவர். ஓர் உள்ளூர் சேனலில் வேர்ப்பொடி விற்ற ஒருவர், "மாத்திரை கிட்னியைத் தின்றுவிடும்" என்று தினம் மதியம் பேசினார். அமுச்சி மாத்திரையை நிறுத்திவிட்டு எங்களிடம் சொல்லவில்லை. காலில் வந்த புண் ஆறாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போன பிறகுதான் தெரிந்தது. "டிவியில் சொன்னார்களே கண்ணு" என்றார். அந்தச் சேனலை நடத்தியவர் கெட்டவர் இல்லை. மாதக் கடைசியில் வாடகை கட்ட வேண்டியிருந்தவர், அவ்வளவுதான்.

எண்ணெய்க்காரரை அடியோடு விரட்டச் சொல்லவில்லை. மருந்துத் தயாரிப்பு உரிமம் அவரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், 30 நொடி விளம்பரம், 'விளம்பரம்' என்று எழுதிப் போடுங்கள், குணமாகும் என்ற சொல் இல்லாமல். இதற்கு அவர் 20,000 கொடுக்க மாட்டார், 3,000 கொடுக்கலாம். கொடுக்கவே மாட்டேன் என்றால் அவர் எதை வாங்க வந்தார் என்பது உங்களுக்குப் புரிந்துவிடும்.

அவர் போனால் அடுத்து வட்டிக்காரர் வருவார். பெருந்துறை ஈமு கோழி முதலீட்டு மோசடியை நான் உங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை; 2012இல் அது கவிழ்ந்தபோது பணத்தைப் போட்டிருந்தவர்களில் எத்தனை பேர் அஞ்சலக வைப்பை முறித்து எடுத்துக்கொண்டு போனார்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும். அந்தக் கொட்டகைகளுக்கு ஆள் சேர்த்ததில் தொலைக்காட்சி விளம்பரத்துக்குப் பெரும் பங்கு உண்டு. முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் சட்டம் 2019இல் வந்துவிட்டது. அப்படிப்பட்ட திட்டத்துக்கு விளம்பரம் செய்வதே குற்றம். வெளியிட்ட ஊடகம் தன் செலவில், அதே இடத்தில் மறுப்பு வெளியிட வேண்டும் என்று அரசு உத்தரவிடலாம். என் யோசனை இன்னும் முரட்டுத்தனமானது: வைப்பு, சீட்டு, நிலத் தவணை, நாணய வர்த்தகம், எதற்கும் இந்தச் சேனலில் இடம் இல்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, மூக்குக்கண்ணாடிக் கடை, கல்யாண மண்டபம் போதும். தேர்தல் நேரத்தில் கட்சி விளம்பரம் வந்தால், தேர்தல் ஆணையத்தின் ஊடகச் சான்றளிப்புக் குழுவின் முன்அனுமதி இல்லாமல் தொடாதீர்கள்.

பழைய பாட்டு. இதில்தான் நல்ல மனிதர்கள் சறுக்குகிறார்கள். யூடியூபில் இருக்கிறதே என்று இறக்கி ஓட்டுவது திருட்டு. ஆனால் காலம் தீர்ந்தவை உண்டு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு திரைப்படத்துக்கு வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை. 1960இல் வந்த படத்துக்கு 2020 முடிவோடு தீர்ந்தது. கோவையிலும் சேலத்திலும் ஸ்டூடியோக்கள் கொடிகட்டிப் பறந்த காலத்துப் படங்கள் பல இதில் அடங்கும். உங்கள் நேயர்களில் சிலர் அவற்றை டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்திருப்பார்கள். ஆனால் பாட்டின் வரிக்கும் மெட்டுக்கும் தனிக் கணக்கு: எழுதியவர், இசையமைத்தவர் மறைந்து 60 ஆண்டுகள். 1959இல் மறைந்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் வரிகள் 2020 முதல் எல்லோருக்கும் பொது. 1981இல் மறைந்த கண்ணதாசனின் வரிகளுக்கு 2041 முடியும்வரை உரிமை இருக்கிறது. ஆக, படம் தீர்ந்தாலும் பாட்டு தீராது. உரிமை வைத்திருக்கும் இசை நிறுவனத்திடம் எழுதிக் கேட்டு, அவர்கள் சொல்லும் கட்டணம் கட்டுப்படியானால் போடுங்கள்.

கட்டுப்படியாகாவிட்டால் வருத்தப்பட வேண்டாம். அண்ணன்மார் கதையை உடுக்கை அடித்துப் பாடுகிறவர்கள் இன்னும் நம் பக்கம் இருக்கிறார்கள். வள்ளி கும்மி இப்போது ஊருக்கு ஊர் அரங்கேறுகிறது. கதை யாருடைய தனிச் சொத்தும் இல்லை. ஆனால் பாடுகிறவருக்கு நிகழ்த்துநர் உரிமை என்று ஒன்று 50 ஆண்டுகளுக்கு இருக்கிறது, அதனால் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிச் சன்மானமும் கொடுத்துவிடுங்கள். பதினெட்டு இரவு பாடுகிற கதையை மதியத்துக்கு அரை மணி நேரம் என்று வைத்தால் உங்களுக்கு எத்தனை மாதம் ஓடும் என்று கணக்குப் போடுங்கள்.

செய்தி விஷயம். உள்ளூர்ச் செய்தியும் நடப்பு விவகாரமும் போட வேண்டுமானால் அந்த எம்.எஸ்.ஓ. கம்பெனியாகப் பதிவானதாக இருக்க வேண்டும். தனிநபர் நிறுவனமாக இருந்தால் முடியாது. ஈரோட்டு மஞ்சள் ஏலம், கவுந்தப்பாடிச் சர்க்கரை விலை, மின்தடை அறிவிப்பு இவை தகவல் என்பது என் கருத்து. யார் ஏலத்தில் கூட்டுச் சேர்ந்து விலையை அமுக்கினார்கள் என்று நீங்கள் பேச ஆரம்பித்தால் அது செய்தி. பேசத்தான் ஆசை வரும், தெரியும். நிறுவனத்தின் தன்மையைப் பார்த்துக்கொண்டு பேசுங்கள். துக்கச் செய்திக்கு அடக்கம் செய்யும் குடும்பத்தில் ஒருவரின் கையெழுத்து இல்லாமல் படம் போடாதீர்கள். உயிரோடு இருப்பவரைப் பங்காளித் தகராறில் சாகடித்து அனுப்பிய ஒரு சம்பவத்தை நான் அறிவேன்.

ஓய்வூதியத் தகவலுக்கு உங்களைவிடத் தகுந்தவர் யார்? வாழ்வுச் சான்றுக்காக நவம்பரில் வங்கி வாசலில் நிற்கும் கூட்டத்தில் பாதிப்பேருக்கு, தபால்காரர் வீட்டுக்கே வந்து விரல்ரேகை வைத்து டிஜிட்டல் சான்று எடுத்துக் கொடுப்பார் என்பது தெரியாது. அதை ஒரு தபால்காரரை வைத்தே, ஒரு வீட்டுத் திண்ணையிலேயே படம் பிடித்துக் காட்டுங்கள். நிகழ்ச்சியில் யாருடைய ஆதார் எண்ணும், போன் எண்ணும், வங்கிப் புத்தகமும் திரையில் தெரிந்துவிடாமல் மட்டும் பாருங்கள்.

விதியை மீறினால் என்ன ஆகும் என்று உங்கள் நண்பர்கள் கேட்பார்கள். 2023க்குப் பிறகு இந்தக் கேபிள் சட்டத்தில் சிறை இல்லை; எச்சரிக்கை, கண்டனம், அபராதம், பதிவு ரத்து என்று போகும். ஆனால் ஒரு நிகழ்ச்சியை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் கலெக்டருக்கும் கோட்ட அளவிலான நிர்வாகத்துறை நடுவருக்கும் உண்டு. நான் மேலே சொன்ன மருந்து, வைப்புச் சட்டங்களில் சிறை இன்னும் இருக்கிறது.

உங்கள் துணைவியார் சொன்ன எழுத்து. இந்தக் கடிதத்திலேயே தொழில் தெரிந்தவர் அவர்தான். அதே 7ஆம் விதி, நிகழ்ச்சி ஓடும்போது திரையின் அடிப்பகுதியில் விளம்பர வரி ஓட்டக் கூடாது, விளம்பரத்தின் சத்தம் மிகையாக இருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. பெரும்பாலான உள்ளூர் சேனல்களில் மேலே ஒரு வரி, கீழே இரண்டு வரி, மூலையில் ஒரு நகைக்கடை. நடுவில் மிச்சமிருக்கும் சதுரத்தில் பாவம் அம்மன். நீங்கள் அதையெல்லாம் எடுத்துவிடுங்கள். துக்கச் செய்தியை ஓட விடாமல் நிறுத்தியே காட்டுங்கள். ஊர்ப் பெயர், வீட்டுப் பெயர், எடுக்கும் நேரம், இவை மூன்றும் ஒருவர் சத்தமாக இரண்டு முறை வாசித்து முடிக்கும்வரை திரையில் நிற்கட்டும். ஒளிபரப்பு தொடங்கும் முன், உங்கள் ஊரிலேயே பழைய பெரிய பின்பக்க டிவி வைத்திருக்கிற ஒரு வீட்டில் அதைப் போட்டு, உங்கள் துணைவியாரைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஆசாரத்தின் (வீட்டுக் கூடத்தின்) மறுகோடியில் கட்டிலில் உட்காரச் சொல்லுங்கள். அவருக்கு எடுக்கும் நேரம் தெரிகிற அளவுதான் எழுத்தின் அளவு.